படகு இன்ஜின் கிளம்பவில்லையா? புகையைப் பாருங்கள்!

வயல் பம்ப்செட்டோ, மீன்பிடி வள்ளமோ... கையால் சுற்றிக் கிளப்பும் டீசல் இன்ஜின் ஒருநாள் முதல் சுற்றிலேயே கிளம்பும். மறுநாள் கை ஓய்ந்தாலும் கிளம்பாது. வயலில் என்றால் பாசனம்தான் தாமதமாகும். நடுக்கடலில் என்றால், காற்று இழுக்கும் பக்கம் போக வேண்டியதுதான். எனவே, கோளாறைக் கரையிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும்.

சுற்றும்போது சைலன்சரைக் கவனிக்க வேண்டும். புகையே வராவிட்டால், டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டேங்க் வால்வு, ஃபில்டர் அடைப்பைப் பார்த்துவிட்டு ஏர்லாக் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கிவிடலாம். அடிக்கடி ஏர்லாக் ஆனால், டியூப் வெடிப்பு, தளர்ந்த கிளிப், தேய்ந்த வாஷர் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தும் கிளம்பாவிட்டால், டீசல் போகிறது, ஆனால், எரியவில்லை. டேங்க்கின் அடி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால், கலந்திருக்கும் தண்ணீர் கீழே தனியாகத் தெரியும். தண்ணீர் இல்லையென்றால், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் நீர் கோக்கும். கரை சேர்ந்ததும் டேங்க்கை நிரப்பி வைத்தால், மறுநாள் தொல்லை பாதி குறையும்.