குழாயில் குடியேறும் காற்று

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால் குழாயைத் திறந்தால் 'குடுகுடு'வென்று ஓசை கேட்கும். இருமுவது போல இரண்டு முறை துப்பும். பிறகு ஒரு சொட்டும் வராது. 'ஏர் பிடித்துக்கொண்டது' என்று நம் பெற்றோர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? தண்ணீரைவிட மிகமிக இலேசான அது தண்ணீரையே எப்படி மறிக்கிறது? எங்கள் விடுதியின் சூரிய வெந்நீர்க் கலனைக் கொண்டு நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

காற்று வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொட்டி வறண்டால் குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்துகொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மற்றொரு வழி சற்று வியப்பானது. காற்று தண்ணீருக்குள்ளேயே கரைந்திருக்கிறது. 20 டிகிரி வெப்பத்திலுள்ள 1 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 18 மில்லிலிட்டர் காற்று கரைந்திருக்கக் கூடும். சூடேறச் சூடேற அது வெளியேறும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில், தண்ணீர் கொதிக்கும் முன்பே ஓரங்களில் சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நீராவி அன்று; கரைந்திருந்த காற்று. எனவேதான் பச்சைத் தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாயில் இந்தத் தொல்லை அதிகம்.

சரி, காற்று ஏன் தண்ணீரைத் தடுக்கிறது? இதற்குக் குழாய் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் வெந்நீர்க் கலனிலிருந்து புறப்படும் குழாய், தரையோடு சிறிது தூரம் வந்து, 3 அடி உயரக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, மறுபுறம் குளியலறைகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டு யாரோ அப்படிப் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். குழாய் முழுவதும் தண்ணீராக இருக்கும்வரை இதனால் குறையில்லை. இறங்கும் பக்கத்துத் தண்ணீர் தன் எடையால் ஏறும் பக்கத்துத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். விளையாட்டு விழாவில் நாம் ஆடும் கயிறு இழுக்கும் போட்டியைப் போன்றதுதான் இது. இறங்கும் பக்கத்தில் காற்று நிறைந்துவிட்டால், ஒரு பக்கத்து அணி மைதானத்துக்கே வரவில்லை என்று பொருள். அப்போது ஏறும் தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் ஒன்றே துணை. அதுவோ மிகச் சொற்பம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால்தான் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டி நிறைந்திருக்கும்போதும் நீர்மட்டம் அந்தச் சுவரைவிடச் சாண் அளவே உயரம். பாதியானால் சுவருக்குக் கீழே போய்விடும். பிறகு தண்ணீர் எப்படிச் சுவரைத் தாண்டும்?

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. கடந்த மார்கழியில் மோட்டார் பழுதாகித் தொட்டி வறண்டது. மறுநாள் காலையில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே நின்று காலுக்குச் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்நேரம் பழுது நீங்கி மோட்டார் ஓடி, தொட்டி நிறைந்தது. நீர்மட்டம் சுவரைத் தாண்டவும், கலனிலிருந்த கொதிநீர் காற்றைத் தள்ளிக்கொண்டு அவள் பாதத்தில் பாய்ந்தது. 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலையே ஐந்தாறு நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். சிறுவர் தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. விடுதிப் பொறுப்பாளரான அருட்சகோதரி, ஓடும் பச்சைத் தண்ணீரில் அவள் காலை 20 நிமிடம் வைத்திருந்த பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். (பற்பசை, மை, மாவு எதையும் தடவக் கூடாது. அன்றைக்கு ஓடிவந்தவர்களில் மூவர் கையில் பற்பசை இருந்தது!) காற்றுப் பிடித்த குழாயைத் திறந்தபடி விடக் கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

காற்றை வெளியேற்றுவது கடினமன்று. மோட்டாரிலிருந்து நேரே வரும் குழாய்க்கும், அடைபட்ட வெந்நீர்க் குழாய்க்கும் இடையே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, இரு முனைகளையும் கம்பியால் இறுக்க வேண்டும். மற்ற வெந்நீர்க் குழாய்களை மூடிவிட்டு, முதலில் வெந்நீர்க் குழாயையும் பிறகு மோட்டார்க் குழாயையும் மெல்லத் திறந்தால், தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, காற்றைக் கலனுக்குள் தள்ளும். கலனின் உச்சியில் வானைப் பார்த்து நிற்கும் திறந்த குழாய் வழியே காற்று போய்விடும். அந்தக் குழாய் கொதிநீரைக் கக்கக் கூடுமாதலால் மாடியில் அருகே ஒருவரும் நிற்கலாகாது. ஓசை அடங்கியதும் மூடிவிடலாம்.

ஆனால் மேடு இருக்கும்வரை காற்று மறுபடியும் வரும். 'மேட்டின் உச்சியில் ஒரு காற்றுப்போக்கி வைத்தால் என்ன?' என்று எங்களில் சிலர் கேட்டோம். இயற்பியல் ஆசிரியை சிரித்துக்கொண்டே கரும்பலகையில் படம் வரைந்தார்கள். தொட்டியின் மட்டம் சுவருக்குக் கீழே இறங்கும்போது அதே துளை காற்றை உள்ளே இழுத்துவிடுமாம்! ஆகவே சுவரின் அடியைத் துளைத்து, ஏற்றமே இல்லாமல் குழாய் சரிந்து செல்லும்படி மாற்றினார்கள்.

அழுத்தம் மிகுந்த பெரிய குடிநீர்க் குழாய்களுக்குக் காற்றுப்போக்கி மிகவும் ஏற்றது. சாலையோர மேடுகளில் இந்த ஏர் வால்வுகளைக் காணலாம். உள்ளே ஒரு மிதவை இருக்கும். காற்றுச் சேர்ந்தால் அது கீழே இறங்கித் துளை திறக்கும்; தண்ணீர் வந்தால் மிதந்து துளையை மூடும். கசியும் வால்வின் கீழே மக்கள் குடம் வைத்துப் பிடிப்பதும் உண்டு. குழாய் காலியாகும்போது இதே துளை வெளியிலிருந்து உறிஞ்சும். வால்வைச் சுற்றிச் சேறு தேங்கியிருந்தால் அதுவும் குடிநீரில் கலந்துவிடும். அங்கே துணி துவைப்பதைக் கண்டால் எங்களுக்கு மனம் பதைக்கிறது.

கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கமிருந்து வரும் எங்கள் தோழியர் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். ஓடைத் தண்ணீரை மரவள்ளிக் காட்டுக்கு இறக்கும் ரப்பர் குழாய் பாறை மேல் ஏறும் இடத்தில், ஊசியால் ஒரு துளை! காற்று சீறிப் போனதும் குச்சியைச் செருகிவிடுவார்களாம்.

இத்தாலியில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய அருட்சகோதரி ஒருவர் வேறொன்று சொன்னார்கள். அங்கே குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்க, வெந்நீர் சுற்றிவரும் இரும்புப் பெட்டிகள் சுவரோரம் இருக்குமாம். பெட்டியின் அடி சூடாகவும் தலை குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று என்று அறிந்து, சிறு சாவியால் மேல் திருகைத் தளர்த்துவார்கள். காற்று சீறி அடங்கித் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிடுவார்கள்.

கலனைக் கழுவுவதும் இதனோடு சேர்ந்த வேலையே. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடும் வெளிப்பட்டுக் குமிழிகளைக் கூட்டுகிறது. அடிக் குழாயைத் திறந்து, வெள்ளை மணலைப் போன்ற படிவு நின்று தெளிந்த நீர் வரும்வரை வடிக்க வேண்டும். உச்சி வெயிலில் காலியான கண்ணாடிக் குழல்களில் பச்சைத் தண்ணீரை விட்டால் அவை விரிசலிட்டுவிடும். அதனால் முதல் நாளே சாக்கால் மூடிவைத்து, விடியுமுன் செய்வது நல்லது. நிரப்பும்போது கீழ்த்தளக் குழாய்களைத் திறந்து, சீராக நீர் வந்ததும் மூடி, பின்னரே மேல்தளத்துக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் விடுதியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் இருவர் அருட்சகோதரியுடன் மாடிக்குச் செல்வோம். இன்னும் இருவர் குளியலறை வாயிலில் நின்று, 'மூடியாயிற்று' என்று மேலிருந்து குரல் வரும்வரை தங்கையரை உள்ளே விடமாட்டோம்.