தாத்தா பெட்டிக்கு ஜாதகம்!

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்கு என்ன வயசு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "நூறு வருஷம் இருக்கும்டா" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டபோதும் அதே நூறுதான்! பெட்டிக்கு மட்டும் வயசே ஏறாது போலிருக்கிறது.

யாரையும் கேட்க வேண்டாம். பெட்டியையே விசாரிக்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் உறவுக்காரர் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுகிறார்கள். ஃப்ளாட்டில் பரண் ஏது? பெட்டி பழைய இரும்புக்குப் போவதாக முடிவாகிவிட்டது.

"எங்க தாத்தா 1905-லே கொழும்புக்கு எடுத்துண்டு போன பொட்டிடா!" என்றார் எண்பது வயது அத்திம்பேர்.

"அப்படின்னு நீங்கதான் சொல்றேள்ப்பா..." என்றான் பிள்ளை. நியாயம்தான். வீட்டில் ஒரு கடிதமோ போட்டோவோ கிடையாது.

பெட்டியின் பக்கவாட்டில் பாதி கிழிந்த ரயில்வே சீட்டு. 'எஸ்.ஐ.ஆர்.' என்று மேலே. 'தனுஷ்கோடி வழி கொழும்பு' என்று கீழே. போதாதா?

எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. தலைமையகம் சாட்சாத் நம்ம திருச்சி! 1874-இல் உருவான கம்பெனி, 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் ஐக்கியமானது. பாம்பன் பாலம் திறந்தது 1914-இல். அதன் பிறகுதான் தனுஷ்கோடி வரை ரயிலில் போய், கப்பலேறி தலைமன்னாரில் இறங்குகிற வழி. அதற்கு முன் கொழும்புக்காரர்களுக்குத் தூத்துக்குடிதான் துறைமுகம்.

ஆக, சீட்டு 1914-க்கும் 1951-க்கும் நடுவே. பழைய ஸ்டாக்கைக் கொஞ்ச நாள் சேர்த்து ஒட்டியிருந்தாலும், தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு சான்ஸே இல்லை. 1905 டாலி ஆகவில்லை!

அத்திம்பேர் முகம் சுருங்கிவிட்டது. அவசரப்படக் கூடாது. சீட்டு சொல்வது பயணத்தின் வயசு. பெட்டியின் வயசு அல்ல. பெட்டி இன்னும் மூத்ததாக இருக்கலாம். தாத்தா 1905-இல் தூத்துக்குடி வழியாகவே முதலில் போயிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுப் பெட்டி கொழும்புக்குக் கிளம்பியது நிஜம். அதற்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கிழிசல்.

உங்கள் பெட்டியில் என்ன பார்க்கலாம்?

விலைச் சீட்டில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையே. விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால், எழுதியது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. கோத்ரெஜ் பூட்டு என்றால் 1897-க்கு முன்னால் போக முடியாது. கம்பெனி பிறந்ததே அப்போதுதான். பூட்டைச் சுற்றிப் பழைய ஆணித் துளைகள் இருந்தால், பூட்டு பின்னால் வந்த மருமகள்! தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவா? அது 1930-களின் கண்டுபிடிப்பு. பெட்டி அதற்குப் பிந்தியது, அல்லது ரிப்பேர் ஆனது. உள்ளே ஒட்டிய செய்தித்தாளின் தேதி, ஒட்டிய காலத்தைத்தான் சொல்லும்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பாதீர்கள். நாலைந்து சேர்ந்து ஒரே காலத்தைச் சொன்னால் தீர்ப்பு எழுதலாம்.

முக்கியமான விஷயம்: 'பளபளன்னு ஆக்கறேன்' என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார்த்தி, அவர் சொல்வதை எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள்.

இரும்பை எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறது. தாத்தாவின் ஊர்ப் பயணத்தை எடை போடத் தராசு கிடையாது. பேரீச்சம்பழம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், ஸார்!