அறையிலே அறிக்கை, தெருவிலே கேள்வி!

982 பக்கம்! கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய முதல் இரண்டு கட்ட அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணா, கண்டதையெல்லாம் தொகுத்து 2023 ஜனவரியில் மேலிடத்தில் அளித்த அறிக்கை அது. 2025 மே மாதத்தில் மேலிடம் வாய் திறந்தது. நூலை வெளியிடவா? இல்லை, திருத்தித் தரச் சொல்ல!

திருத்தம் கேட்பது ஆராய்ச்சி உலகில் குற்றமல்ல, தோழர்களே! ஓர் அறிஞர் எழுதியதை மற்றோர் அறிஞர் அலசத்தான் வேண்டும். அந்த அலசலை அச்சிட்டு, அம்பலத்தில் வைத்துச் செய்வதற்கென்ன? பெட்டிக்குள் இருப்பதை எவர் மறுப்பது, எவர் ஏற்பது?

அதே கீழடியில் தமிழக அரசின் தொல்லியல் துறையும் தோண்டியது. 2019 செப்டம்பரில் நூல் வெளியிட்டது. ஆங்கிலத்திலே உலக அறிஞருக்கு, தமிழிலே நமக்கு. 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகமும் எழுந்தது. பானை ஓட்டிலே 'ஆதன்' என்றும் 'குவிரன்' என்றும் கீறிய எழுத்தைப் பார்க்க இன்று பட்டம் தேவையில்லை, பஸ் கட்டணம் போதும்.

நம்மவருக்கும் ஒரு சொல். கீழடி பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்று மேடையிலே முழங்கும் நண்பரே, கைதட்டல் கிடைக்கும், மறுக்கவில்லை. மறுநாள் மாற்றான் ஆதாரம் கேட்பானே, அப்போது? அந்த நூலிலேயே இருக்கிறது விடை: 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி, அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதித்தது, காலம் கி.மு. 580. எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதும் மந்திரமல்ல. மரம், செடி, உயிரினம் எதுவும் வாழும்வரை கார்பன்-14 என்ற பொருளை உடலில் ஏற்கிறது. மாண்டபின் அது கரைகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டில் பாதியாகிறது. மிச்சத்தை அளந்தால் மாண்ட காலம் தெரியும். ஆலைத் தோழருக்கு இது புரியாதா? எந்திரத்தின் தேய்மானத்தைப் பார்த்து அதன் வயதைச் சொல்பவராயிற்றே அவர்! புரியாது என்று முடிவு கட்டியவர்கள்தான் அவரிடம் சொல்லாமலே விட்டார்கள்.

982 பக்கமும் ஒரு வரி குறையாமல் அறிஞர் கைக்குப் போகட்டும். அதன் சாரத்தை, ஆழமும் அளவும் ஆண்டும் மாறாமல், நாற்பது பக்கத் தமிழில், ஒரு தேநீர் விலையில் தரட்டும். வரும் நாளில் அதை வாசிக்க நம் படிப்பகங்கள் இருக்கின்றன. அதுவரை, 2019-ஆம் ஆண்டு நூல் எத்தனை படிப்பகத்தில் இருக்கிறது என்று கிளைச் செயலாளர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.