போன்சாய் மரத்துக்குத் தொட்டி மாற்றுதல்



"வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகாதா?" போன்சாய் வளர்க்கத் தொடங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி இது. வெட்டாமல் விட்டால்தான் பட்டுப்போகும் என்பதே விடை. நிலத்தில் நிற்கும் மரம் வேரை நீட்டிக்கொண்டே போகலாம். நான்கு விரற்கடை ஆழமுள்ள தொட்டியில் அதற்கு வழியில்லை. வேர்கள் சுவரில் முட்டி, சுற்றிச் சுற்றி வளர்ந்து, பாய் பின்னியதுபோல் ஆகிவிடுகின்றன. ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இளமரத்துக்கு இது பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும்.

போன்சாய் ஜப்பானியச் சொல். தட்டில் நடுவது என்பது அதன் பொருள். ஜப்பானிய முறையைச் சொல்லும் நூல்கள், இளவேனில் தொடக்கத்தில் தொட்டி மாற்றச் சொல்கின்றன. பனிக்காலமே இல்லாத மலேசியாவில் அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். மரம் நல்ல நலத்துடன் புதுத்துளிர் விடும் சமயத்தில், வெயில் தணிந்த ஒரு மாலையில் செய்யலாம்.

தொடக்கநிலையினருக்கு ஆலமர வகையே ஏற்றது. சுவர் இடுக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே முளைக்கும் கன்றை எடுத்து வளர்க்கலாம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வெட்டினால் பால் வடியும். பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கிக் கெடுக்கும் என்பதையும் அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மண்ணைத் தயார் செய்வோம். வெறும் தோட்டத்து மண் ஆகாது, ஈரத்தில் இறுகிவிடும். உடைத்த செங்கல், பருமனான ஆற்றுமணல், மட்கிய உரம் மூன்றையும் கலக்கலாம். செங்கல்லையும் மணலையும் சலித்து, தூளை அகற்றிவிட வேண்டும். தூள்தான் துளைகளை அடைக்கிறது. கடல்மணலில் உப்பு உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

தொட்டியின் துளைமேல் சிறு கம்பிவலை வைத்து, மரத்தைக் கட்ட ஒரு கம்பியையும் துளைவழியே கோத்துக்கொள்ளுங்கள். பிறகு மரத்தை வெளியே எடுத்து, மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பழைய மண்ணை உதிர்க்க வேண்டும். கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர்களையும், சுற்றி வளைந்த நீண்ட வேர்களையும் வெட்டுங்கள். மெல்லிய வேர்களே நீர் உறிஞ்சுபவை. அவற்றைக் கூடியவரை காப்பாற்ற வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருப்பது நல்லது. வேர் குறைந்த அளவுக்கு இலைகளையும் சிறிது கழித்துவிடலாம். இடையில் யாராவது கூப்பிட்டால், வேரை ஈரச்சாக்கால் மூடிவிட்டுப் போங்கள். காய்ந்த வேர் மீளாது.

பெரிய தொட்டி தேவையில்லை. அதே தொட்டி போதும். மரத்தை வைத்துக் கம்பியால் கட்டி, புதுமண் இட்டு, இடைவெளி இல்லாதபடி குச்சியால் குத்திவிடுங்கள். மரம் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். துளைவழியே தெளிந்த நீர் வரும்வரை பூவாளியால் ஊற்றலாம்.

இரண்டு மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு உரம் கூடாது. வெட்டுப்பட்ட வேரை அது கருக்கிவிடும். தொட்டியின் கீழ் தட்டு வைப்பவர்கள் அதில் நீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தண்டமும் உண்டு.