குற்றாலத்து அருவிகளைத் தாங்கும் பாறை

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஆலங்குளம் வரையில் வெயில் சுட்டெரிக்கும். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சன்னல் வழியே வரும் காற்றில் குளிர்ச்சி தட்டும். தென்காசியை நெருங்கும்போது வானம் மூடிக்கொண்டு, மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத நுண்ணிய துளிகள் முகத்தில் படியும். அதுதான் சாரல். காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் அந்நாட்களில் நின்று பாருங்கள். மேற்கேயிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று அந்தச் சுவரில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. அங்குள்ள மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. கிழக்கே திருநெல்வேலிச் சமவெளியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. அப்படியிருக்க, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மட்டும் இந்தச் சாரல் எப்படி வந்தது?

சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவை ஒட்டி, மலைத்தொடர் திடீரெனத் தாழ்ந்துவிடுகிறது. இதனைச் செங்கோட்டைக் கணவாய் என்றும் ஆரியங்காவுக் கணவாய் என்றும் கூறுவர். தெற்கே அகத்தியமலை 1868 மீட்டர் உயரம் நிற்கிறது. வடக்கே ஏலமலையும் அதற்கப்பால் 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் இருக்கின்றன. நடுவில் உள்ள இத்தாழ்வைப் பயன்படுத்தித்தான் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904-இல் மீட்டர் பாதை இரயில் விட்டார்கள். (2018 முதல் அங்கே அகலப் பாதையில் வண்டிகள் ஓடுகின்றன.) இரயில் நுழைந்த வழியில் காற்றும் நுழைகிறது. வாசலின் கிழக்கு ஓரத்தில் மூன்று சிகரங்களோடு நிற்கும் திரிகூடமலை, அந்த ஈரக் காற்றைத் தடுத்துத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. எஞ்சிய காற்று நம் முகத்தில் சாரலைத் தெளித்துவிட்டுச் சமவெளியில் ஓடிக் கயத்தாறு வரையில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

சரி, அந்த வாசலைத் திறந்தது யார்? இதற்கு விடை காண, காற்றையும் மழையையும் விட்டுவிட்டுக் காலுக்குக் கீழே உள்ள கல்லைப் பார்க்க வேண்டும்.

அடியில் வெந்த கல்

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது பக்கத்துப் பாறையைச் சற்று உற்று நோக்குங்கள். பாசி படியாத, புதிதாக உடைந்த பகுதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுப்பும் கறுப்புமாக வரிகள் ஓடுவது தெரியும். வெள்ளை வரிகளில் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் உள்ளன. கறுப்பு வரிகளில் மினுமினுப்பது காக்காப்பொன். ஆங்காங்கே மிளகளவில் செந்நிற மணிகள் பதிந்திருந்தால் அவை கார்னெட். இவ்வாறு வரியோடிய பாறைக்கு நைஸ் என்று பெயர்.

இதே வட்டாரத்தில் வரிகள் அவ்வளவாகத் தெரியாத, நீலம் கலந்த கருநிறத்தில் எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்புடன் இன்னொரு பாறையும் கிடைக்கும். அது சார்னகைட். இப்பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குச் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார். நம்மூர்க் கருங்கல் உலகப் பாடநூல்களில் ஒரு வணிகரின் பெயரோடு உலவுகிறது. பல்லாவரத்துக் கல் என்றே வைத்திருக்கலாம், அது நடக்கவில்லை.

நைசும் சார்னகைட்டும் மேற்பரப்பில் உண்டாகும் கற்கள் அல்ல. நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், மேலுள்ள பாறைகளின் பாரத்தில் அழுந்தி உருமாறியவை அவை. அப்படியானால் குற்றாலத்தில் நீங்கள் கைவைத்துப் பார்க்கும் பாறை ஒரு காலத்தில் பூமியின் வயிற்றுக்குள் கிடந்தது. மேலே மூடியிருந்த இருபது கிலோமீட்டர் கனமுள்ள பாறை எங்கே போயிற்று? வெயிலும் மழையும் ஆறுகளும் தேய்த்துத் தேய்த்துக் கடலில் கொண்டு சேர்த்துவிட்டன. மேல்பாரம் குறையக் குறைய, அடியிலிருந்தது மெல்ல மேலெழும்பியது.

அவ்வாறு உருமாறிய பொருள்களில் சில, அதற்கும் முன்னர்க் கடலடியில் படிந்த மண்ணும் சுண்ணாம்பும் ஆகும். திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு செய்யப் பயன்பட்ட சுண்ணாம்புக்கல் இதற்குச் சான்று. அதில் சிப்பி, நத்தை எதையும் தேடிப் பயனில்லை. வெந்து சர்க்கரைக் கட்டிபோல் படிகமாகிவிட்ட கல் அது.

இரண்டு நிலங்கள் சேர்ந்த தழும்பு

இந்த வேக்காடு நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அப்போது தனித்தனியே கிடந்த நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா யாவும் அதில் அடக்கம். மோதலின்போது நிலங்கள் நேருக்கு நேர் முட்டியதோடு நிற்கவில்லை. பக்கவாட்டிலும் உரசி நகர்ந்தன. உரசிய இடங்களில் பாறை பாகுபோல் இழுபட்டு, பட்டை பட்டையாக நீண்டுவிட்டது. இவற்றை நகர்வு மண்டலங்கள் என்று கூறலாம்.

அத்தகைய மண்டலம் ஒன்று தென்காசிப் பக்கமிருந்து அச்சன்கோவில் வழியாக வடமேற்காகச் செல்கிறது. அச்சன்கோவில் நகர்வு மண்டலம் என்பது அதன் பெயர். அதற்கு வடக்கே இருப்பதை மதுரைப் பாறைத் தொகுதி என்றும், தெற்கே இருப்பதைத் திருவனந்தபுரம் பாறைத் தொகுதி என்றும் நிலவியலார் பிரித்துள்ளனர். இரண்டும் தையலிட்ட துணிபோல் இங்கே சேர்கின்றன. நிலப்படத்தில் கேரளத்தின் அச்சன்கோவில் ஆற்றைப் பாருங்கள். மலைக்குள் அது பெரும்பாலும் ஒரே திசையில், வடமேற்காகவே ஓடும். தையலின் வழியைத்தான் ஆறு பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டு விலகிய மடகாஸ்கரிலும் இதன் தொடர்ச்சி உண்டு என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

பட்டையாக இழுபட்ட பாறை, மேலே வந்தபின் எளிதில் வெடிப்பு விடும். வெடிப்பில் நீர் புகும். நீர் புகுந்த கல் உளுத்து மண்ணாகும். பக்கத்தில் திண்ணென்று இருந்த மலைகள் நிமிர்ந்து நிற்க, இந்தப் பட்டை மட்டும் தேய்ந்து தாழ்ந்தது. வாசல் திறந்த கதை இதுவே எனக் கருதுகின்றனர்.

வாசல் காற்றுக்கு வழிவிட்டது. மலைவாழ் உயிர்களில் சிலவற்றுக்கு அதுவே வேலியாயிற்று. உயரமான சோலைகளில் வாழும் சிரிப்பான் என்னும் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். தாழ்ந்த, வெப்பமான இடைவெளியை அவை நெடுங்காலமாகத் தாண்டவில்லை. கல்லில் விழுந்த தழும்பு பறவையின் உடலிலும் தெரிகிறது!

அருவி விழும் முறை

இனி அருவிகளுக்கு வருவோம். பாடநூல்களில் நயாகரா நீர்வீழ்ச்சியைப் படித்திருப்பீர்கள். அங்கே மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், கீழே மென்மையான களிப்பாறை. விழும் நீர் கீழ்ப்பாறையைக் குடைய, மேல்பாறை பிடிப்பிழந்து உடைகிறது. இவ்வாறு நயாகரா ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் பின்வாங்கி வந்தது. பின்னர் மின்சாரத்துக்காக நீரைத் திருப்பியதால் அந்த வேகம் குறைந்துள்ளது.

குற்றாலத்தில் அத்தகைய அடுக்கு இல்லை. மேலும் கீழும் ஒரே கெட்டிப் பாறை. ஆனால் அப்பாறையில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் ஓடுகின்றன. கல்லுடைப்போர் ஆப்பு வைப்பதற்குத் தேடுவார்களே, அத்தகைய வெடிப்புகள்தாம். மேல்பாரம் நீங்கியதும் பாறை விரிந்து வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாகக் கழலுவதும் உண்டு. சிற்றாறு இவ்வெடிப்புகள் வழியே பாறையைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் படிக்கட்டு அமைத்துக்கொண்டது. தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி எல்லாம் அந்தப் படிக்கட்டின் படிகள். ஐந்தருவியில் ஓடை ஒரு பாறை விளிம்பில் பரவி, வெடிப்புக்கு ஒரு கிளையாகப் பிரிந்து விழுகிறது.

பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து நீர் நேரே தலையில் விழுந்தால் யாரும் கீழே நிற்க முடியாது. நம்மைக் காப்பது பொங்குமாங்கடல். நடுவழியில் பாறையில் உள்ள பெருங்குழி அது. மேலிருந்து வரும் நீர் முதலில் அதனுள் விழுந்து, சுழன்று, பொங்கி வழிந்து, வேகம் தணிந்து நம்மிடம் வருகிறது. குழியைத் தோண்டியதும் நீர்தான். ஆனால் நீர் மட்டும் அன்று. வெள்ளம் உருட்டி வந்த கூழாங்கற்கள் ஒரு பள்ளத்தில் சிக்கிச் சுழன்றால், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் பாறையை அரைக்கும். குழவி தேய்ந்து போகும். அடுத்த வெள்ளத்தில் வேறு குழவி வந்துவிடும். சிறு ஓடைகளில்கூடக் கிண்ணம்போன்ற குழிகளுள் உருண்டைக் கற்கள் கிடப்பதை நீங்கள் பார்க்கலாம்.

வெள்ளம் ஏன் அவ்வளவு விரைவில் வருகிறது?

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினர். ஒரு மாணவர் உயிரிழந்தார். தென்மேற்குப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இது நிகழ்ந்தது.

இத்தகைய வெள்ளத்துக்கும் பாறையே விடை சொல்லும். சமவெளி ஆற்றில் வெள்ளம் வர நாளாகும். பல கிலோமீட்டர் மண் நீரைக் குடித்துத் தாமதப்படுத்தும். குற்றாலத்து ஓடைகளோ குட்டையானவை. சிகரத்துக்கும் அருவியின் அடிவாரத்துக்கும் தொலைவு சில கிலோமீட்டர்தான், இறக்கமோ செங்குத்து. காடும் அதன் சருகு மண்ணும் ஓரளவு நீரைப் பிடித்துவைக்கும். அதனால்தான் மழை நின்ற பின்னும் அருவி சிலநாள் ஒழுகுகிறது. ஆனால் மண்ணின் கனம் குறைவு. அடியில் நீர் இறங்காத கெட்டிப் பாறை. மண் நிரம்பியபின் பெய்யும் ஒவ்வொரு துளியும் ஓடுநீரே. மலைமேல் இடியுடன் கொட்டிய மழை, கீழே வெயிலில் நிற்பவரை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்தடையக்கூடும்.

ஆகவே அடிவாரத்தில் மழை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மலைமுகட்டைப் பாருங்கள். தெளிந்திருந்த நீர் செந்நிறமாகக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழத் தொடங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ, துண்டையும் செருப்பையும் தேடாமல் அந்தக் கணமே வெளியேறிவிடுங்கள். அபாய மணி ஒலித்துக் காவலர் தடை விதிக்கும்போது முணுமுணுப்போரில் நானும் ஒருவனாக இருந்ததுண்டு. இந்த ஓடைகளின் நீளத்தை நிலப்படத்தில் அளந்து பார்த்தபின் அதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த முறை குற்றாலம் செல்லும்போது ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு காந்தமும் எடுத்துச் செல்லுங்கள். சிற்றாற்றின் ஓரத்தில் ஒரு பிடி மணலை அள்ளித் தாளில் காயவைத்துக் காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். சில கருந்துகள்கள் தாவி ஒட்டிக்கொள்ளும், அவை இரும்புத்தாது. மிச்சத்தைக் கண்ணாடியால் பார்த்தால் வெண்மணிகளுக்கிடையே சில செம்மணிகள் தென்படலாம். மலைமேல் பாறையில் பதிந்திருந்த கார்னெட்டே அது. அதனை மறுபடி ஆற்றிலேயே போட்டுவிடுங்கள். சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிறது; தாமிரபரணி புன்னைக்காயலில் கடலை அடைகிறது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் வெந்த அந்த மணி, எந்த மழைக்காலத்திலேனும் அங்கு போய்ச் சேரும்.