தாயின் கணக்கும் பிள்ளைகளின் மடிக்கணினியும்

2025 ஜூன் 12 அன்று ஆந்திர மாநிலத்தில் 'தல்லிகி வந்தனம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு 15,000 ரூபாய். அதில் 2,000 ரூபாய் பள்ளிப் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டு, மீதி 13,000 ரூபாய் தாயின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தகுதியுள்ள குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. ஆகவே இரு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் 26,000 ரூபாய் மொத்தமாக வந்து சேர்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிளைகளில் பணியாற்றும் நமக்கு அதன்பின் வரும் கேள்வி நன்கு பழக்கமானது: "இந்தப் பணத்துல பசங்களுக்கு ஒரு லேப்டாப் வாங்கிடலாமா சார்?"

கணினி விற்பது நம் வேலையன்று. ஆயினும் ஒரு குடும்பத்தின் ஆண்டுப் பணம் ஒரே நாளில் ஒரு பெட்டிக்குள் போகும்போது, அந்தப் பெட்டி நான்கு ஆண்டுகள் உழைக்குமா, எட்டு மாதத்தில் பரண் ஏறுமா என்பது வங்கியாளரும் அக்கறை கொள்ள வேண்டிய செய்தியே.

இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு முன்கதை உண்டு. 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதன் இரண்டாம் கட்டம் நெல்லூரில் தொடங்கியபோது, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்போரின் தாய்மார்கள் விரும்பினால் ரொக்கத்துக்குப் பதிலாக மடிக்கணினி பெறலாம் என்று அறிவிக்கப்பட்டது. 14 அங்குலத் திரை, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் எனக் கருவியின் விவரங்களும் வெளியாயின. பின்னர் திட்டம் திசை மாறியது. 2022 டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட் கருவிகள் வழங்கப்பட்டன. எல்லையின் அந்தப் பக்கம் நிலைமை வேறு. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்றே விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பள்ளிப்பட்டில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாமன் மகனுக்கு மடிக்கணினி கிடைத்தது. சில கல் தொலைவில் நகரியில் படித்த அத்தை மகளுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர்த் தாய்மார்கள் சொந்தக் கையிருப்பை எண்ணிப் பார்க்க நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2021-இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கருவியின் திறன் இன்றைக்குப் போதாது. ஆனால் அதனுடன் சேர்த்துச் சொல்லப்பட்ட இரு நிபந்தனைகள் இன்றும் பொருந்துகின்றன. ஒன்று, மூன்று ஆண்டு உத்தரவாதம். மற்றொன்று, பழுதான கருவியைக் கிராம அல்லது வார்டு செயலகத்தில் ஒப்படைத்தால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்து திருப்பித் தர வேண்டும் என்பது. லட்சக்கணக்கில் வாங்க எண்ணிய அரசே, பழுதானால் யார் பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார் என்று முதலில் கேட்டது. ஒன்றே ஒன்று வாங்கும் குடும்பம் அதைவிடக் கறாராகக் கேட்க வேண்டாமா?

கடைக்குள் நுழைந்ததும் நாம் கேட்பது பெரும்பாலும் 'எந்தக் கம்பெனி நல்லது?' என்பதே. நம் கருத்தில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. பெயர் பெற்ற நிறுவனங்கள் அனைத்தும் நல்ல மாதிரிகளையும் சுமாரான மாதிரிகளையும் ஒரே பெயரில் விற்கின்றன. முதற்கேள்வி: இந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் திருப்பதியிலோ சித்தூரிலோ வேலூரிலோ இருக்கிறதா? கடைக்காரர் சொல்வதோடு நில்லாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணை இட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அடுத்து, உத்தரவாதம் எவ்வகையானது? பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பது ஒரு வகை. நாமே சுமந்து சென்று மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மற்றொரு வகை. பலமநேரிலோ குப்பத்திலோ இருப்பவருக்கு இந்த வேறுபாடு பேருந்துக் கட்டணமும் இரண்டு நாள் கூலியுமாகும்.

பெரும்பாலான கருவிகளுக்கு உத்தரவாதம் ஓராண்டுதான். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அதை நீட்டிக்க நிறுவனமே திட்டம் வைத்திருக்கும். பிள்ளைகள் கையாளும் கருவிக்கு அந்தச் செலவு வீணாகாது என்பது நம் கணிப்பு. ஆனால் அதை உற்பத்தி நிறுவனத்திடமே வாங்குங்கள். கடைக்காரர் தம் பெயரில் தரும் அட்டையை நம்பி அன்று. கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் ஆகியவை சாதாரண உத்தரவாதத்தில் சேராது. அதற்கென்று தனிப் பாதுகாப்பு உண்டா, மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனித்தனியே கேட்டு எழுத்தில் பெற வேண்டும். மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று எழுதிவிட்டு, மின்கலத்துக்கு மட்டும் ஓராண்டு என்று சிறிய எழுத்தில் சேர்ப்பது வழக்கமானதே.

இனி, 26,000 ரூபாயே கையில் உள்ளவர்களைப் பெரிதும் ஈர்க்கும் பழைய கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் பெருநிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் பளபளப்பாக்கப்பட்டு, பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் விற்பனைக்கு வருகின்றன. அவை நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. உழைப்பில் அவற்றுள் பல கெட்டி. புதிய மலிவுக் கருவிகளைவிட அவற்றின் விசைப்பலகையும் உடற்கட்டும் உறுதியாக இருப்பதுண்டு. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ நிறுவனம் முறைப்படி ஆதரிப்பது, இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான்; டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். "இது ஐ5, புது ஐ3-ஐ விட உசத்தி" என்று சொல்லி விற்கப்படுவது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறையாக இருந்தால், அது பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கருவி.

தலைமுறையை அறிவது கடினமன்று. பிராசசரின் பெயரில் ஐ5 என்பதற்குப் பின்வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை. வாங்கும் கருவியிலேயே, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' செயலியை இயக்கிக் காட்டச் சொன்னால் ஐயம் தீரும். தகுதியற்ற கருவியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவோர் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்னும் உறுதி இல்லை. வீட்டில் ஏற்கெனவே பழைய கருவி ஒன்று இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுமில்லை. லினக்ஸ் ஏற்றிச் சிறு பிள்ளைகளுக்குத் தரலாம். தமிழ்நாட்டு அரசின் மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இடம்பெற்றிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

புதிய கருவிக்குத் திறன் எவ்வளவு தேவை என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. 8 ஜி.பி. ராம், 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., முழு எச்.டி. திரை ஆகியவை பள்ளிப் படிப்புக்குப் போதும். ராமைப் பின்னாளில் கூட்டக் காலி இடம் உள்ளதா என்று கேளுங்கள். மெல்லிய கருவிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பும் கொண்டு இருபதாயிரத்துக்குள் வரும் புதிய விண்டோஸ் கருவிகளை நாம் பரிந்துரைக்க மாட்டோம். விண்டோஸின் திருத்தங்களுக்கே அந்த இடம் போதாமல் போகும்.

பெட்டியைத் திறந்ததும் கருவியின் அடிப்புறத்தையும் சார்ஜரையும் பாருங்கள். இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இரண்டிலும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை இட்டால் உற்பத்தியாளரின் விவரம் தெரியும். பழைய கருவியோடு வரும் பெயரற்ற சார்ஜரில் இது பெரும்பாலும் இராது. அந்தச் சார்ஜரை வாங்க மறுத்துவிடுங்கள்.

எத்தனையாவது வகுப்பில் வாங்குவது? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அவசரம் இல்லை என்பதே நம் எண்ணம். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் தேவை தொடங்குகிறது. ஜே.இ.இ. மெயின் தேர்வு 2019 முதல் கணினி வழியில் நடைபெறுகிறது. ஆந்திர மாநிலப் பொறியியல் நுழைவுத் தேர்வும் கணினி வழியில்தான். மூன்று மணி நேரம் திரையைப் பார்த்து, சுட்டியை நகர்த்தி விடையளிக்கும் பழக்கம் கைபேசியில் வராது. திருப்பதியிலேயே ஐ.ஐ.டி.யும் ஐசரும் இருக்க, நம் பிள்ளைகள் தேர்வுக் கூடத்தில்தான் முதன்முதலாகச் சுட்டியைப் பிடித்தார்கள் என்ற நிலை வரக் கூடாது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸிலேயே தெலுங்கு விசைப்பலகையும் தமிழ் 99 விசைப்பலகையும் உள்ளன. தனியே எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

நம் பகுதியின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் திருப்பதியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது. லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பது முதலில் சூடு. அடுத்து எப்போதும் முழுமையாக ஏற்றியே வைத்திருப்பது. பஞ்சு மெத்தையின்மேல் வைத்துப் பாடம் பார்த்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மரப் பலகையோ மேசையோ போதும். பல நிறுவனங்களின் கருவிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். மின்கலம் நம் ஊருக்குப் புதிய பொருளும் அன்று. அமர ராஜா பேட்டரிகள் இம்மண்ணில் பிறந்தவை. திருப்பதியில் லித்தியம் செல் ஆலை ஒன்றும் 2022-இல் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது.

இப்போது பணம். விலை அடிக்கடி மாறும் என்றாலும், மேற்சொன்ன திறனுள்ள புதிய கருவியும் நீட்டித்த உத்தரவாதமும் சேர்ந்து 40,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். முழுத் தொகையையும் 14 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையாக எடுத்தால் மாதம் ஏறத்தாழ 3,590 ரூபாய். வட்டி மட்டும் 3,100 ரூபாயை ஒட்டி வரும். கடன் அட்டைத் தவணையானால் அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. 'வட்டியில்லாத் தவணை' என்னும் பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். பூஜ்ய விழுக்காடு வட்டி என ஒன்று உண்மையில் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. வட்டி வேறு பெயரில் விலைக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ இருக்கும். ஆகவே, ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வேறுபாடுதான் வட்டி. நுகர்பொருள் கடனாக எடுப்பவர்களுக்கு, 2024 அக்டோபர் 1 முதல், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தருவது கட்டாயம். கையொப்பமிடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாறாக, 26,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் ஏழு மாதம் போட்டால் 14,000 ரூபாயும் சிறிது வட்டியும் சேரும். ஜூனில் தொடங்கினால் பொங்கலுக்குக் கருவி வீட்டில் இருக்கும், கடனும் இராது. கல்விக் கட்டணத்துக்கோ மருத்துவத்துக்கோ அந்த 26,000 தேவைப்படும் வீடுகள் இந்த ஆண்டு வாங்காமல் இருப்பதே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்தபின் முதல் நாளிலேயே இரண்டு பயனர் கணக்குகளை உருவாக்குங்கள்: பெற்றோருக்கு ஒன்று, நிர்வாகி உரிமை இல்லாமல் பிள்ளைகளுக்கு ஒன்று. இலவச விளையாட்டு என்று பிள்ளைகள் இறக்குவது எதுவோ, நமக்குத் தெரியாது. வங்கிப் பரிவர்த்தனையும் அதே கணக்கில் நடந்தால் ஆபத்து. திருட்டுப் பதிப்பு மென்பொருளைக் கடைக்காரர் 'சும்மா' ஏற்றித் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திரையில் 'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று தோன்றினால் அழைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணையும் உங்கள் கிளையையும் அழைக்க வேண்டும்.

பலர் விலை குறைவென்று எண்ணி வேலூருக்கோ சென்னைக்கோ சென்று வாங்குகிறார்கள். தவறில்லை. ஜி.எஸ்.டி. பில்லில் உங்கள் பெயரும் கருவியின் வரிசை எண்ணும் இருக்கட்டும். குறை நேர்ந்து கடை கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கும் தீரவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில் அல்ல, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அப்போது கேட்கப்படும் முதற்காகிதம் அந்தப் பில்தான். கைபேசியில் ஒரு படமும், பீரோவில் மூலமும் வைத்திருங்கள்.