சுரங்கத்தைத் தடுத்த கிராம சபையும் தலித்துகளின் வன உரிமையும்

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமையாமல் தடுத்தது டோங்கிரியா கோந்த் பழங்குடியினரின் போராட்டம். அப்போராட்டத்திற்குச் சட்ட வலிமை தந்தது கிராம சபை. அச்சபையில் தலித்துகளின் நிலை என்ன என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் மற்றும் பிற மரபுவழி வனவாசிகளின் கோரிக்கைகளைக் கிராம சபைகள் பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ராயகடா, காலாகண்டி மாவட்டங்களில் கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது.

இச்சட்டத்தின்படி, கிராமத்தின் வயது வந்தோர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்களே. நியமகிரியில் கோந்த் மக்களோடு தலைமுறைகளாக வாழும் டோம்ப் என்னும் பட்டியல் சாதியினரும் அதில் அடங்குவர். ஆனால், நில உரிமை என்று வரும்போது அளவுகோல் மாறுகிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலம் தம் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பிறரோ அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்டே வந்த சமூகத்திடம் 1930ஆம் ஆண்டின் ஆவணத்தை எப்படி எதிர்பார்க்க முடியும்? முன்பு இழைக்கப்பட்ட அநீதியே இன்று உரிமையை மறுப்பதற்கான காரணமாகிறது. ஒரே ஊரில் ஒருவர் உரிமையாளராகவும் அண்டை வீட்டார் ஆக்கிரமிப்பாளராகவும் ஆக்கப்படுகின்றனர். இப்பிளவு சுரங்கம் தோண்ட வருவோருக்கே சாதகம்.

சட்டத்திலேயே சில வழிகள் உள்ளன. விதி 13, ஊர் முதியோரின் வாய்மொழியை எழுத்தில் பதிவு செய்து சான்றாக அளிக்க இடமளிக்கிறது. அதனுடன் வேறொரு சான்றும் தேவை. பிரிவு 4(5)இன்படி, கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும் வரை வனவாசி எவரையும் வெளியேற்றக் கூடாது. எனவே, சுரங்கத் திட்டம் அறிவிக்கப்படும் வரை காத்திராமல், தலித் குடும்பங்களின் கோரிக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முதியோர் உயிரோடு இருக்கும்போதே அவர்தம் வாக்குமூலங்களைத் திரட்ட வேண்டும்.

மலையைக் காக்கும் இயக்கங்கள் இப்பணியையும் தம் பணியாகக் கொள்ள வேண்டும். சுரங்கத்திற்கு எதிராகக் கை உயர்த்தும் உரிமை பெற்ற தலித்துக்கு, அம்மண்ணில் தொடர்ந்து வாழும் உரிமையும் உறுதிப்பட வேண்டும்.